‘அ’ எழுதுவதற்கு முன்

என் தம்பி இப்போது தரம் 2இல் படிக்கிறான். சென்ற வருடம் காலையில் பள்ளிக்கூடம் போகும் நேரம் வந்தால் அவனுக்கு வயிறு வலிக்கும். விடுமுறை நாட்களில் வலிக்காது. வாப்பா இரண்டு தடவை டொக்டரிடம் கொண்டு போய்க் காட்டினார். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். வருத்தம் அவனுடைய எழுத்துக் கொப்பியில் இருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

தம்பி இடக்கைக்காரன். நான்கு வயதில் முன்பள்ளியில் பென்சிலை வலக்கைக்கு மாற்றினார்கள். வீட்டில் மூத்தம்மா, “சோத்தாங்கையால எழுது வாப்பா” என்று ஒவ்வொரு முறையும் பென்சிலைப் பிடுங்கி மற்றக் கையில் கொடுப்பார். நானும் அதையேதான் செய்தேன். ஒரு நாள் இரவு, ஒரு பக்கம் நிறைய ‘அ’ எழுத வேண்டிய வீட்டு வேலையை அவன் இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தக் கையில் அடிமட்டத்தால் அடித்தேன். இதை நமது சஞ்சிகையில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுத முன்வந்ததற்கு அந்த அடிதான் காரணம்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், கல்லடியில் தரம் 1 வகுப்பாசிரியையாக இருக்கும் என் சாச்சி, அதிபரிடம் அனுமதி கேட்டு என்னை உதவிக்கு அழைத்துப் போனார். ஆறு கிழமைகள் அந்த வகுப்பில் இருந்தேன். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது சின்ன வேலை, ‘அ’ தொடங்கி வரிசையாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பார்த்து எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். போன அன்று வகுப்பில் ஒருவர் கையிலும் பென்சில் இல்லை. ஒரு குழு களிமண் உருட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு குழு பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேர் நூலில் மணி கோத்தார்கள். “எப்ப சாச்சி எழுத்துத் தொடங்குவீங்க?” என்று கேட்டேன். “தொடங்கிட்டனே” என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுத்தை எழுதுவது விரல்கள் என்று நாம் நினைக்கிறோம். விரல் அசைய மணிக்கட்டு நிலைத்து நிற்க வேண்டும். அதற்கு முழங்கை நிற்க வேண்டும், அதற்குத் தோள். பிள்ளையின் உடலில் இந்தக் கட்டுப்பாடு தோளிலிருந்து விரலை நோக்கித்தான் வருகிறது. அதனால் பெரிய அசைவு முதலில், சின்ன அசைவு பிறகு. காற்றில் கையை வீசி வட்டம் போட முடியாத பிள்ளையிடம் ஒரு சென்ரிமீற்றர் கோட்டுக்குள் வட்டம் போடச் சொல்வது நியாயமில்லை. நமது மணிக்கட்டில் எட்டுச் சிறிய என்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எட்டும் கசியிழையமாகவே இருக்கும். ஒவ்வொன்றாக என்பாகி, கடைசி என்பு அப்படி என்பாகத் தொடங்கவே 9 முதல் 12 வயது வரை ஆகும். உயர்தர உயிரியல் வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு அடிமட்டம்தான் ஞாபகம் வந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு இன்னும் கட்டி முடிக்காத வீடு.

நமது நாட்டின் ஆரம்பக் கல்வித் திட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1998இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1உம் 2உம் முதலாவது நிலை. அங்கே விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் முதலிடம். மேசையில் குனிந்திருந்து எழுதும் வேலை மிகக் குறைவாக இருக்க வேண்டும். மேலே போகப் போக அது கூடும். திட்டம் இப்படி இருக்க, தரம் 1இல் சேர்வதற்கு முன்பே முன்பள்ளியில் மூன்று கொப்பி நிறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெற்றோராகிய நீங்கள்தான். “அந்த மொண்டிசூரியில பிள்ளைகள் ஏ பி சி டி முழுக்க எழுதுதாம்” என்ற ஒரு பேச்சுக்காகப் பிள்ளையை இடம் மாற்றிய தாய்மாரை எனக்குத் தெரியும்.

மொண்டிசூரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் எல்லா முன்பள்ளிக்கும் அந்தப் பெயரைச் சொல்கிறோம். அது மரியா மொண்டிசூரி என்ற இத்தாலிய மருத்துவரின் பெயர். 1907இல் உரோம் நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பில் அவர் தம் முதலாவது ‘குழந்தைகள் இல்லத்தை’ திறந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அவருடைய பிள்ளைகள் முதலில் கொப்பியில் எழுதவில்லை. மண்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்கள், தடவும்போதே அதன் ஒலியைச் சொன்னார்கள். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் ஓர் எழுத்தைப் படித்தன. அப்படிக் கை பழகியபின் பிள்ளைகள் ஒரு நாள் தாங்களாகவே எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். கொப்பி நிறைப்பதற்கு நாம் அவருடைய பெயரை வைத்திருப்பது பெரிய வேடிக்கை.

விரலால் எழுதும் பழக்கத்துக்கு நாம் உரோம் வரை போகவும் தேவையில்லை. கல்லடி வகுப்பில் இருந்த இந்துப் பிள்ளைகள் பலருக்கு விஜயதசமியன்று ஏடு தொடக்கியிருந்தார்கள். தட்டில் பரப்பிய அரிசியில், பெரியவர் ஒருவர் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கும் சடங்கு அது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அரிசிக்குப் பதில் மணல். ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வர நாளாகும். அதுவரை தரையில் பரப்பிய மணல்தான் கொப்பி.

இந்த மணல் கடல் கடந்தும் போயிருக்கிறது. அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1789 முதல் சென்னையில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லப் பள்ளியை நடத்தினார். அந்த நாளில் ஆங்கிலேயர் தமிழரை ‘மலபார்’ என்று அழைப்பார்கள். அப்படியொரு மலபார்ப் பள்ளியில் பிள்ளைகள் நிலத்தில் இருந்து மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பெல் கண்டார். தம்முடைய பள்ளியின் கடைசி வகுப்புக்கும் அப்படியே படிப்பிக்கச் சொன்னார். ஆசிரியர் அது நடக்காது என்றார். பெல் அந்த வகுப்பை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்தார். அவன் படிப்பித்துக் காட்டினான். 1797இல் பெல் இதையெல்லாம் இலண்டனில் நூலாக வெளியிட்ட பிறகு, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் மணல் பரப்பிய பலகையில் விரலால் ஆங்கில எழுத்து எழுதத் தொடங்கினார்கள். கூடப் படிக்கும் பிள்ளையே படிப்பிக்கும் முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் வந்தது. நம் ஊர்களில் மறந்துபோன ஒன்று அங்கே ஒரு காலத்தில் புதுமையாக இருந்திருக்கிறது.

சாச்சியின் வகுப்பில் ஒரு மூலையில் பழைய தேநீர்த் தட்டுகள் ஆறு இருந்தன. கல்லடிக் கடற்கரையில் அள்ளி, உப்புப் போகக் கழுவிக் காயவைத்த மணல் அவற்றில் இருந்தது. மணலில் எழுதுவதால் என்ன லாபம் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலாவது, பென்சில் பிடிக்கும் பாடு இல்லை. எழுத்தின் பாதை மட்டும்தான் வேலை. இரண்டாவது, மணல் விரலைக் கொஞ்சம் எதிர்க்கும், அதனால் போன வழி விரலில் தங்கும். மூன்றாவதுதான் பெரிது. தட்டைக் குலுக்கினால் பிழை போய்விடும். கொப்பியில் அழிறப்பர் போட்ட இடம் கறுத்துக் கிழிந்து, பிள்ளை தோற்றதைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இனி எழுத்துக்கு வருவோம். ‘அ’ நமது முதலெழுத்து. ஆனால் எழுதுவதற்கு அது முதலெழுத்து அல்ல. ஒரு சுழி, ஒரு பெரிய வளைவு, ஒரு படுத்த கோடு, ஒரு நின்ற கோடு என்று நான்கு திருப்பம் அதில் இருக்கிறது. ‘இ’ அதைவிடக் கஷ்டம். எனவே சாச்சி ‘ட’ வில் தொடங்குவார். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, முடிந்தது. அதே கோட்டை மேலே தூக்கினால் ‘ப’. அதையே வளைத்து உள்ளே கொண்டு வந்தால் ‘ம’. இந்த மூன்றோடு மெய்க்குப் புள்ளி வைப்பதையும் சொல்லிக் கொடுத்தால் படம், மடம், மட்டம், பட்டம் என்று சொற்கள் வந்துவிடும். கடற்கரையில் பட்டம் விடும் பிள்ளைக்கு ‘பட்டம்’ என்று தானே எழுத முடிகிறது! பொருளில்லாத ‘அ’ நாற்பது தடவை எழுதுவதும், தன்னுடைய பட்டத்தை ஒரு தடவை எழுதுவதும் ஒன்றாகுமா? நெடுங்கணக்கு வரிசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பாட்டாகப் பாடட்டும், வாயால் பழகட்டும். கைக்கு வேறு வரிசை.

தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. உயிர்மெய்யில் பெரும்பாலானவை மெய்யின் வடிவமும் ஒரு குறியும் சேர்ந்தவை, அதனால் நினைக்கும் அளவு பாரம் இல்லை. பாரம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று உகரம். கு, சு, து, மு என்று எழுதிப் பாருங்கள், வால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஆகாரத்திலும் ஐகாரத்திலும் கூட முன்பு இந்தத் தொல்லை இருந்தது. மூத்தம்மாவின் பெட்டியில் இருக்கும் பழைய புத்தகங்களில் னை, லை, ணா, றா எல்லாம் சுருண்ட வேறு வடிவத்தில் இருக்கின்றன. பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் 1935இலேயே இவற்றைச் சீர்செய்து அச்சிட்டார். தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. பிறகு அது இங்கும் வந்தது. உகரத்துக்கு அந்த நல்ல காலம் இன்னும் வரவில்லை.

மற்றப் பாரம் கொம்பு. ஒரு சிறுமி ‘மேசை’ என்ற சொல்லை எழுதும்போது ‘ம’ வை முதலில் எழுதி, அதன் வலப்பக்கத்தில் கொம்பைப் போட்டாள். கவனமில்லாத பிள்ளை என்று நான் சிவப்புப் பேனையை எடுத்துவிட்டேன். சாச்சி தடுத்தார். “அவள் காதுல கேட்டபடி எழுதியிருக்கிறாள். மேயைச் சொல்லிப் பார், முதல்ல என்ன கேக்குது?” சொல்லிப் பார்த்தேன். முதலில் ‘ம்’, பிறகு ‘ஏ’. காது ஒரு வரிசையில் கேட்கிறது, கை வேறு வரிசையில் எழுத வேண்டியிருக்கிறது. ‘மோ’ என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கும். பிள்ளை செய்தது பிழைதான், ஆனால் யோசித்துச் செய்த பிழை. இதற்கு வெட்டுக் கோடு போட்டால் யோசிப்பதையும் வெட்டியதாகிவிடும். சாச்சி எழுத்துகளை அட்டையில் வெட்டி, கொம்பைத் தனி அட்டையாக வைத்திருந்தார். “கொம்பு முந்தி வந்து வாசலில் நிக்கும்” என்று சொல்லி அவளிடமே கொடுத்து வைக்கச் சொன்னார். இரண்டு நாளில் சரியானது.

இப்போது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம். காலையில் பள்ளிக்கூடத்தில் தமிழ், இடமிருந்து வலம். பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவில் அலிஃப், பா, வலமிருந்து இடம். ஐந்து வயதில் இரண்டு திசை. அந்த வயதுப் பிள்ளைகள் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது உலகம் முழுவதும் சாதாரணம். அதுவரை அவர்கள் பார்த்த பொருளெல்லாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பொருள்தான். கோப்பையின் காது வலப்பக்கம் இருந்தாலும் இடப்பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதான். ‘ட’ வைத் திருப்பினால் மட்டும் அது ‘ட’ இல்லையாம்! இந்த விசித்திரமான சட்டம் மனதில் பதிய ஏழு வயது வரையும் ஆகலாம். நம் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் வரியின் திசையும் மாறுகிறது. தம்பி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான்: “தமிழ் கதவுப் பக்கம் இருந்து, ஓதுற எழுத்து ஜன்னல் பக்கம் இருந்து.” வகுப்பில் அது சரியாக வந்தது. எங்கள் வீட்டில் மேசைக்குக் கதவு வலப்பக்கம். அதனால்தான் வீட்டு வேலை மட்டும் தலைகீழாக வந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் போனது. சாச்சியின் வழி சுலபம். தமிழ்க் கொப்பியில் ஒவ்வொரு வரியின் இடப்பக்க ஓரத்திலும் பச்சைப் புள்ளி. அரபுக் கொப்பியில் வலப்பக்க ஓரத்தில். புள்ளியிலிருந்து புறப்பட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு திசையும் எழுதுவது நம் சமூகத்துக்குப் புதிதுமல்ல. அரபுத் தமிழ் என்று தமிழையே அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக, நூல் நூலாக எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் அரபுத் தமிழ் நூல்கள் இலங்கையிலும் ஓதப்பட்டன.

மூத்தம்மாவுக்கும் அரபுத் தமிழ் வாசிக்கத் தெரியும். குர்ஆனைத் திருத்தமாக ஓதுவார். எழுத மட்டும் தெரியாது. அவருடைய காலத்தில் பெண் பிள்ளைக்கு ஓதக் கொடுத்தார்கள், எழுதக் கொடுக்கவில்லை. எழுதப் பழகினால் கடிதம் எழுதுவாளாம். வாசிப்பும் எழுத்தும் ஒன்றோடொன்று தானாக வருபவை அல்ல என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் இன்றும் பெருவிரலை நீட்டுகிறார். தம்பியின் பென்சிலைக் கை மாற்றும்போதும் அவருக்கு அது எழுத்துச் சம்பந்தமான விஷயமாகத் தெரியவில்லை, ஒழுக்கச் சம்பந்தமாகத்தான் தெரிந்தது.

அந்த விஷயத்தை முடிக்கிறேன். சாச்சியின் வகுப்பில் இரண்டு பேர் இடக்கைக்காரர். உலகில் பத்துப் பேரில் ஒருவர் அப்படி என்பதால் அதில் அதிசயமில்லை. அவர்கள் இருவரையும் சாச்சி வாங்கின் இடப்பக்க ஓரத்தில் இருத்தியிருந்தார். அப்போது பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபடாது. கொப்பியின் மேற்பகுதியை வலப்பக்கம் சற்றுச் சரித்து வைக்கச் சொல்வார், பென்சிலை நுனியிலிருந்து கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்வார். தமிழ் எழுதும்போது இடக்கை, எழுதியதன் மேலேயே நகர்ந்து போகும். எழுதியது மறையும், அழுக்காகும். கொப்பியைச் சரித்தால் கை வரிக்குக் கீழே வந்துவிடும். இதை நான் வீட்டில் சொன்னேன். உம்மா யோசித்தார், மூத்தம்மா ஒப்பவில்லை. வாப்பா மத்ரஸா மௌலவியிடம் போய்க் கேட்டார். உண்பதும் பருகுவதும் வலக்கையால் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல், அதைப் பழக்குங்கள் என்றார் அவர். “பென்சில அவன்ட எந்தக் கைக்கு ஏலுமோ அந்தக் கையில கொடுங்க.”

இப்போது தம்பி வலக்கையால் சாப்பிடுகிறான், இடக்கையால் எழுதுகிறான். வயிற்று வலி ஒரே நாளில் போய்விடவில்லை; அடுத்த தவணையில்தான் நின்றது. தமிழ்க் கொப்பியில் இன்னமும் கொஞ்சம் பென்சில் கரி இழுபட்டிருக்கும், அவனுடைய சின்ன விரலின் ஓரமும் கறுத்திருக்கும். அரபில் அந்தத் தொல்லையே இல்லை, கை எழுதியதை விட்டு விலகி வெற்றிடத்தின் பக்கம் போவதால். மத்ரஸாவில் வலக்கைப் பிள்ளைகளின் கொப்பியைவிட அவனுடைய கொப்பி துப்புரவு. அதைப் பற்றி அவனுக்குப் பெருமை வேறு.

வீட்டில் கை பழக்க நாங்கள் தனியாக ஒன்றும் வாங்கவில்லை. ரொட்டிக்கு மா குழைக்கும்போது அவனுக்கும் ஓர் உருண்டை. கச்சான் கோது உடைப்பது, இறால் கோது கழற்றுவது, காய்ந்த உடுப்பிலிருந்து கிளிப் கழற்றுவது எல்லாம் அவன் வேலை. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து அழுத்தும் எந்த வேலையும் பென்சில் பிடிக்கும் வேலைதான். நானும் ஒன்று செய்கிறேன்: அவன் எழுதியதைத் திருத்துவதற்கு முன், என்ன எழுதியிருக்கிறான் என்று வாசிக்கிறேன். முன்பு நான் வாசித்ததே இல்லை, கோட்டில் நிற்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன்.

சென்ற மாதம் உம்மா கடைக்கு எழுதி வைத்திருந்த சாமான் துண்டின் அடியில் ஒரு வரி கூடியிருந்தது. “கசான் நெறய” என்று, சாய்ந்த பெரிய எழுத்தில். யாரும் எழுதச் சொல்லவில்லை. ‘ச்’ விட்டுப் போனதை உம்மாவும் கண்டார், நானும் கண்டேன். வாப்பா கடைக்குப் போய் அரைக் கிலோ கச்சான் வாங்கி வந்தார். மூத்தம்மா அந்தத் துண்டைக் கையில் வாங்கி, எந்த எழுத்து என்ன சத்தம் என்று அவனிடம் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.